அண்ணாச்சி பதில்கள்: கூண்டுக்குள் இன்னொரு குருவி

இந்த முறை தபால் கட்டில் பாதிக்கு மேல் ஒரே படத்தைப் பற்றி: கிறிஸ்டோபர் நோலன் 2006-இல் எடுத்த 'தி பிரஸ்டீஜ்'. சங்கரன்கோவில் வட்டாரத்தில் இத்தனை பேர் ராத்தூக்கம் கெட்டு இந்தப் படத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆகவே அரசியல், மூட்டுவலி, மாமியார் கேள்விகளெல்லாம் அடுத்த இதழுக்கு. படம் பார்க்காதவர்கள் இங்கேயே பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். கீழே எல்லா முடிச்சும் அவிழும்.

கே: அண்ணாச்சி, மறந்துபோனவங்களுக்காகக் கதையை நாலு வரியில் சொல்லுங்க. – கல்லூரி மாணவி, திருவேங்கடம்

ப: பழைய லண்டன். ஏஞ்சியர், போர்டன் என்று இரண்டு இளம் வித்தைக்காரர்கள். போர்டன் போட்ட முடிச்சு அவிழாமல் ஏஞ்சியரின் மனைவி ஜூலியா மேடையில் தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே சாகிறாள். பிறகு ஒருவன் குடியை மற்றவன் மாறி மாறிக் கெடுக்கிறான். கட்டுக்கயிற்றில் தொடங்கித் தூக்குக்கயிற்றில் முடிகிறது. நடுவில் கயிறு திரித்ததெல்லாம் நோலன்.

கே: ஏஞ்சியர், போர்டன் ரெண்டு பேரில் நீங்க யார் கட்சி? – விசைத்தறித் தொழிலாளி, சங்கரன்கோவில்

ப: சாரா கட்சி. போர்டனின் பெண்டாட்டி. ஏனென்று போகப்போகத் தெரியும்.

கே: போர்டன் இரட்டையர் என்பதை எங்கள் வீட்டுப் பாட்டி இடைவேளைக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்! – இல்லத்தரசி, கரிவலம்வந்தநல்லூர்

ப: சொல்லாமல்? 1940-இல் 'உத்தம புத்திர'னில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் கட்டியதிலிருந்து நமக்கு அதில் பயிற்சி. 1958-இல் அதே தலைப்பில் சிவாஜி. 1989-இல் 'அபூர்வ சகோதரர்க'ளில் அப்பு கொலை செய்ய, ராஜாவைப் போலீஸ் துரத்தியது. ஆனால் நம் படங்கள் "இவர்கள் இரண்டு பேர்" என்று முதலிலேயே சொல்லிவிட்டு நம்மைக் குழப்பும். நோலன் "இவன் ஒருத்தன்" என்று சத்தியம் செய்துவிட்டுக் குழப்புகிறார். பாட்டிக்கு என் நமஸ்காரம். அவர்களிடம் வீட்டில் யாரும் பொய் சொல்லி ஜெயிக்க முடியாது.

கே: படத்தில் முதல் துப்பு எங்கே இருக்கிறது? – பிளஸ் டூ மாணவன், புளியங்குடி

ப: குருவிக்கூண்டில். கூண்டு நசுங்கி மறைகிறது, போர்டன் உயிரோடு ஒரு குருவியை எடுத்துக் காட்டுகிறான். எல்லோரும் கைதட்ட, சாராவின் உறவுக்காரச் சிறுவன் மட்டும் அழுகிறான். இதன் கூடப்பிறந்தது எங்கே என்று கேட்கிறான். அரை நிமிஷத்தில் முழுப்படத்தையும் ஒரு பொடியன் சொல்லி முடித்துவிட்டான். பிள்ளை சொல் அம்பலம் ஏறவில்லை.

கே: நிஜத்திலும் அந்த வித்தையில் குருவியைக் கொல்வார்களா? – கால்நடைத் துறை ஊழியர், கடையநல்லூர்

ப: கூண்டு மறையும் வித்தை 1870-களில் புவாட்டியே டி கோல்டா கொண்டுவந்தது. குருவி சாகிறது என்று பிரிட்டனில் புகார் கிளம்பியது. 1921-இல் கார்ல் ஹெர்ட்ஸ் என்ற வித்தைக்காரர் பார்லிமெண்டின் விசாரணைக் குழு முன்னாலேயே கூண்டை மறைத்து, அதே குருவியை உயிரோடு நீட்டினார். படத்துப் போர்டனால் அந்தக் குழு முன்னால் நின்றிருக்க முடியாது.

கே: மீன்தொட்டியைத் தூக்கும் அந்தச் சீனக் கிழவர் நிஜ ஆளா? – மருந்துக் கடைக்காரர், சிவகிரி

ப: இந்த இடத்தில் படத்தைவிட நிஜம் பெரிய வித்தை. படத்தில் சங் லிங் சூ என்ற முதியவர் மேடைக்கு வெளியிலும் கால் இழுத்து இழுத்து நடக்கிறார். முழங்கால்களுக்கு நடுவே கனத்த மீன்தொட்டியை இடுக்கி அங்கிக்குள் மறைப்பதால், அந்த நடையே வழக்கமாகத் தெரியவேண்டும் என்று ஆயுசு முழுக்க நொண்டியாக நடிக்கிறார். போர்டன் அதைப் பார்த்ததும் புரிந்துகொள்கிறான். அவன் குடும்பத்தொழிலும் அதுதான்.

நிஜத்தில் தொட்டி வித்தையில் பேர்போனவர் சிங் லிங் ஃபூ, அசல் சீனர். சங் லிங் சூ என்பவர் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர். ஃபூவைப் பார்த்துச் சடை வைத்து, பட்டங்கி மாட்டி, பத்திரிகைக்காரர்களிடம்கூட மொழிபெயர்ப்பாளர் மூலமாகவே பேசியவர். 1905-இல் லண்டனில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஆட்டம் போட்டபோது, "இவன் சீனனே இல்லை" என்று அசல் சவால் விட்டார். குறித்த நாளில் போட்டிக்கு அசல் வரவில்லை. போலி வந்தார், ஊரே கைதட்டியது.

கே: அப்புறம் அந்தப் போலி என்ன ஆனார்? – அவரேதான், சிவகிரி (அடுத்த தபாலில்)

ப: பொறுமை இல்லை உங்களுக்கு! 1918 மார்ச் 23, லண்டன் வுட் கிரீன் எம்பயர் அரங்கு. துப்பாக்கிக் குண்டை ஏந்தும் வித்தை. துப்பாக்கியில் இருந்த ரகசிய அமைப்பு தேய்ந்துபோய், நிஜமாகவே குண்டு பாய்ந்தது. அத்தனை வருஷம் மேடையில் வாய் திறக்காத 'சீனர்' திரையை இறக்கச் சொல்லி ஆங்கிலத்தில் கத்தினார். மறுநாள் இறந்தார். கூட்டத்துக்கு அன்றைக்குத்தான் அவர் குரல் தெரிந்தது. இதே குண்டு வித்தையில்தான் படத்தில் போர்டன் இரண்டு விரலை இழக்கிறான், துப்பாக்கி ஏஞ்சியர் கையில்.

கே: அந்த விரல் விஷயம்… ஒருத்தனுக்குப் போன விரலை இன்னொருத்தனும் வெட்டிக்கொண்டானே, அது தியாகம்தானே அண்ணாச்சி? – ஆட்டோ ஓட்டுநர், ராஜபாளையம்

ப: தியாகம்தான், மறுக்கவில்லை. உளியை வைத்துச் சுத்தியலால் ஒரே போடு. ஆனால் சாராவைப் பாருங்கள். ஆறிக்கொண்டிருந்த காயம் திடீரென்று முதல் நாள்போல ரத்தம் வடிக்கிறதே என்று திகைத்துத் துணி சுற்றுகிறாள். அண்ணன் தம்பிக்காக விரலைக் கொடுத்தான், தம்பி அண்ணனுக்காக வாழ்க்கையைக் கொடுத்தான். அவர்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து சாராவின் புத்தியைக் கொடுத்தார்கள். அது அவர்களுடைய சொத்தா?

கே: சாராவைக் காதலித்தது எந்த ஆள்? – புதிதாகத் திருமணமானவர், கழுகுமலை

ப: உயிரோடு மிஞ்சுகிறவன். தூக்கில் போனவனுக்கு மேடை உதவியாளர் ஒலிவியா. வீட்டுக்கு வந்தவன் யாரோ, அன்றைய பாசம் அந்தக் கணக்கு. சாரா அவன் கண்ணைப் பார்த்தே இன்றைக்கு அன்பு உண்டு, இன்றைக்கு இல்லை என்று கண்டுபிடித்துவிடுகிறாள். நூற்றுக்கு நூறு சரியாகச் சொன்ன அந்தப் பெண்ணை, உனக்குப் பிரமை என்று நம்பவைத்தார்கள். லண்டனில் அத்தனை பேர் பணம் கட்டி உட்கார்ந்தும் பிடிக்காத ரகசியத்தைச் சம்பளம் வாங்காமல் பிடித்தவள் அவள் ஒருத்திதான். பரிசு, பட்டறையில் தூக்கு.

கே: 'வாலி'யும் இதே கதைதானே? – அஜித் ரசிகர், வாசுதேவநல்லூர்

ப: 1999-இல் எஸ்.ஜே. சூர்யா எடுத்தது. அங்கேயும் ஒரே முகம், நடுவில் ஒரு மனைவி. ஆனால் 'வாலி'யில் அண்ணனின் எண்ணம் கெட்டது என்று படமே சொல்லிவிடும். சிம்ரனோடு சேர்ந்து நாமும் பயப்படுவோம். நோலன் அந்தச் சௌகரியத்தைத் தரமாட்டார். சாரா பயப்படும்போது நாம் போர்டனின் வித்தையை ரசித்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் குற்றத்தில் நமக்கும் ஒரு டிக்கெட் உண்டு.

கே: ஜூலியாவுக்கு எந்த முடிச்சைப் போட்டாய் என்று கேட்டால் போர்டன் தெரியாது என்கிறானே, பொய்யா? – சட்டக் கல்லூரி மாணவர், திருநெல்வேலி

ப: உண்மை என்றுதான் நினைக்கிறேன். முடிச்சுப் போட்டவன் ஒருவன், சாவு வீட்டுக்கு வந்து பதில் சொன்னவன் மற்றவன். ஆனால் நியாயஸ்தனாக இருந்தால் "தெரியாது"க்குப் பின்னால் இன்னும் ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைச் சொன்னால் வித்தை போய்விடும், மனிதன் மிஞ்சுவான். அவன் வித்தையை மிச்சம் பிடித்தான்.

கே: நம் கோயில் கதைக்கும் இந்தப் படத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று என் மகள் வாதாடுகிறாள். சரியா? – பூக்கட்டுபவர், சங்கரன்கோவில்

ப: உங்கள் மகளுக்கு ஒரு முழம் மல்லிகை என் கணக்கில்! சங்கன், பதுமன் என்று இரண்டு நாகர்கள். ஒருவன் சிவனே பெரியவன் என்கிறான், மற்றவன் திருமாலே பெரியவன் என்கிறான். அடிபிடிச் சண்டை. வழக்கு அம்மையிடம் போகிறது. கோமதி அம்மன் புன்னைவனத்தில் தவம் இருந்து, இருவரையும் ஒரே திருமேனியில் காட்டும்படி கேட்கிறாள். வலப்பாதி சங்கரன், இடப்பாதி நாராயணன் என்று காட்சி கிடைக்கிறது. அதைத்தான் ஆடித்தபசு என்று வருஷா வருஷம் கொண்டாடுகிறோம்.

லண்டனில் ஒருவன் என்று நம்பியது இரண்டாகப் பிளந்தது. இங்கே இரண்டு என்று அடித்துக்கொண்டது ஒன்றாக நின்றது. பெரிய வித்தியாசம் வேறு: போர்டன் சகோதரர்கள் பாதிப் பாதியாக வாழ்ந்ததைப் பெண்டாட்டிக்கே மறைத்தார்கள். நம் சங்கரநாராயணர் பாதிப் பாதியாக நிற்பதை ரத வீதியில் லட்சம் பேர் பார்க்கக் காட்டுகிறார், அதுவும் அம்மை கேட்டதற்காக. சாரா கேட்டாள். ஒருவரும் காட்டவில்லை.

கே: சங்கனும் பதுமனும் கடைசியில் சமாதானம் ஆனார்கள். ஏஞ்சியருக்கும் போர்டனுக்கும் ஒரு கோமதி அம்மன் கிடைத்திருந்தால்? – அதே மகள், ஒன்பதாம் வகுப்பு

ப: கிடைத்தாள், தாயி. ஒலிவியா. ஏஞ்சியர் அவளை வேவு பார்க்க அனுப்பினான், போர்டன் அவளிடம் பொய்யே சொன்னான். அவள் தவம் இருக்கவில்லை, இரண்டு பேரையும் உதறிவிட்டுப் போனாள். படத்திலேயே புத்திசாலித்தனமான முடிவு அது.

கே: எங்கள் பாளையக்காரர் புலித்தேவர் கோயிலுக்குள் மறைந்ததும் ஒரு வித்தையா என்று வெளியூர் நண்பன் கேட்டான். சரியான பதில் தாருங்கள். – விவசாயி, நெற்கட்டும்செவல்

ப: நண்பனை ஒருமுறை நம்மூருக்கு அழைத்து வாருங்கள். 1767-இல் வாசுதேவநல்லூர்க் கோட்டை கும்பினியிடம் விழுந்தது. அதற்குப் பின் பிடிபட்ட தேவர், கொண்டுபோகும் வழியில் கோமதி அம்மனைக் கும்பிட வேண்டும் என்று கேட்டாராம். உள்ளே போனார், விலங்கு தெறித்தது, ஆளைக் காணவில்லை. இது நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது. கோயிலுக்குள் அவர் பெயரில் இடமே இருக்கிறது.

மறைவது பாதி வித்தைதான், மறைந்ததைத் திரும்பக் கொண்டுவந்தால்தான் கைதட்டு என்பார் படத்தில் வித்தைக் கருவிகள் செய்யும் கட்டர். புலித்தேவர் திரும்பவில்லை, கைதட்டு மட்டும் நிற்கவில்லை. கட்டரின் கணக்கு இந்த ஒரு இடத்தில் உதைக்கிறது.

கே: ஏஞ்சியர் எந்த நிமிஷத்தில் கெட்டவன் ஆகிறான்? – ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சேர்ந்தமரம்

ப: மனைவியைப் பற்றிக் கவலையில்லை, போர்டனின் ரகசியம்தான் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்கிற நிமிஷத்தில். அதுவரை அவன் துக்கக்காரன். அதற்குப் பின் ஜூலியா வெறும் சாக்கு.

கே: விஞ்ஞானி டெஸ்லா ஏஞ்சியருக்குச் செய்துகொடுத்த இயந்திரத்தில் நகல் வந்ததும், தொட்டியில் விழுந்து சாவது அசலா நகலா? தலை சுற்றுகிறது. – மின்வாரிய ஊழியர், பனவடலிசத்திரம்

ப: இயந்திரத்தில் நிற்கிறவனுக்குக் கீழேதான் கதவு திறக்கிறது, ஆகவே அவன் விழுகிறான், தூரத்தில் முளைத்தவன் வணங்குகிறான். ஆனால் இரண்டு பேருக்கும் நினைவு ஒன்றே. வணங்குகிறவனுக்குத் "தப்பித்தேன்" என்றுதான் தோன்றும். அவன் நாளைக்கு மறுபடி இயந்திரத்தில் ஏறுவான், அப்போது அவன் முறை. இதற்குமேல் யார் அசல் என்று தேடுவது நோலன் போட்ட தூண்டில். தேட வேண்டியது வேறு.

கே: என்ன அது? சாகிறவனும் சம்மதித்துத்தானே ஏறினான்? தன்னைத் தானே கொன்றுகொண்டால் அதில் பாவம் என்ன? – வழக்கறிஞர், தென்காசி

ப: வக்கீலய்யா பிடித்துவிட்டார்! அதற்குப் பதில் முதல் சோதனையிலேயே இருக்கிறது. தூரத்தில் முளைத்த ஏஞ்சியரைப் பார்த்ததும் இந்த ஏஞ்சியர் கைத்துப்பாக்கியை எடுக்கிறான். அந்த ஆள் கையை நீட்டி, கொஞ்சம் பொறு என்று கெஞ்ச ஆரம்பிக்கிறான். வாக்கியம் முடியுமுன் வெடி. சம்மதித்த ஆள் ஏன் பொறு என்கிறான்? மேடையில் ஏறுமுன் சம்மதித்தவன் வேறு, தண்ணீருக்குள் கண்ணாடியைக் குத்துகிறவன் வேறு. நூறு ஆட்டம் என்று விளம்பரம் செய்தவன், கண்ணாடியைக் குத்துகிறவனைத் திரும்பிப் பார்க்காமலிருக்கப் பார்வையற்ற ஆள்களை வேலைக்கு வைத்தான்.

கே: சரி, நம் ஊர் சட்டப்படி எந்தப் பிரிவு? – அதே வழக்கறிஞர்

ப: பாரதிய நியாய சன்ஹிதா 103 என்று வழக்குப் போடலாம். பிறகு நீங்கள் எழுந்து, இறந்தவரும் என் கட்சிக்காரரும் ஒரே ஆள் என்று வாதாடுவீர்கள். 'தடம்' 2019-இல் வந்ததே, இரட்டையரில் யார் செய்தான் என்று பிரிக்க முடியாமல் இரண்டு பேரும் வெளியே நடந்துபோவார்கள். இங்கே கொன்றவனையும் செத்தவனையும் பிரிக்க முடியாது. ஃபீஸ் முன்பணமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: ஏஞ்சியரைக் கொன்றதாகப் போர்டனைத் தூக்கில் போட்டமாதிரி, உயிரோடு இருப்பவனைக் கொன்றதாக ஒருத்தனைத் தூக்கில் போடுவதெல்லாம் சினிமாவில்தானே நடக்கும்? – தபால்காரர், குருவிகுளம்

ப: செத்தவர் திரும்பி வந்து கோர்ட்டைத் திணறடித்த கதை நம் தேசத்திலேயே உண்டு. கிழக்கு வங்கத்து பவால் ஜமீன். 1909-இல் டார்ஜிலிங்கில் ராஜகுமாரர் இறந்தார், எரித்தாயிற்று என்றார்கள். 1921-இல் ஒரு சாமியார் நான்தான் அவன் என்றார். ராஜகுமாரரின் மனைவி கடைசிவரை ஏற்கவில்லை. டாக்கா கோர்ட் 1936-இல், கல்கத்தா ஹைகோர்ட் 1940-இல், லண்டன் பிரிவி கவுன்சில் 1946-இல் – மூன்றும் சாமியார் பக்கம். தீர்ப்பு வந்த சில நாள்களில் மனிதர் மெய்யாகவே கண்ணை மூடினார். இதை நோலன் எடுத்திருந்தால் நம்பமாட்டோம்.

கே: இயந்திரமே டுபாக்கூர், ஏஞ்சியர் தன் சாயலில் இருந்த குடிகார நடிகன் ரூட்டையே திரும்ப நகலாக நடிக்க வைத்தான் என்கிறான் என் அறைத்தோழன். – ஐ.டி. ஊழியர், சென்னை (சொந்த ஊர் சங்கரன்கோவில்)

ப: உங்கள் அறைத்தோழன் ஆளை விட்டுத் தொப்பியைப் பார்க்கட்டும். டெஸ்லாவின் கூடத்துக்கு வெளியே குவிந்து கிடக்கும் அத்தனை தொப்பியும், ஒரே மாதிரிக் கறுப்புப் பூனைகளும் எங்கிருந்து வந்தன? அன்றைக்கே நிறுத்தியிருந்தால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிருக்கும்.

கே: டெஸ்லா கூடத்தை எடிசன் ஆள்கள் எரித்தது நிஜமா? – அறிவியல் ஆசிரியை, கோவில்பட்டி

ப: இல்லை டீச்சர். டெஸ்லாவின் நியூயார்க் கூடம் 1895-இல் தீக்கிரையானது நிஜம். கொலராடோ ஸ்பிரிங்ஸில் 1899-இல் போய்ச் செயற்கை மின்னல் விட்டதும் நிஜம். அந்தக் கூடத்தை நெருப்பு தின்னவில்லை. பிற்பாடு கடன் தின்றது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது, மாறுமின்னோட்டமா நேர்மின்னோட்டமா என்று அந்த இரண்டு பேரும் போட்ட சண்டையையும் சொல்லுங்கள். படத்தில் அதுவும் ஒரு ஏஞ்சியர்–போர்டன் ஜோடி.

கே: கட்டர் ஒருத்தர்தானே படத்தில் நல்லவர்? – கோயில் ஓதுவார், ஊர் வேண்டாமாம்

ப: நல்லவர்தான், ஆனால் மருந்தைக் கைமாற்றிக் கொடுக்கிறவர். ஜூலியா மூழ்கியபோது, மூழ்குவது வீட்டுக்குத் திரும்புவதைப்போல இதமானது என்று ஏஞ்சியருக்கு ஆறுதல் சொன்னார். பின்னால், அது பொய், நரக வேதனை என்கிறார். முதல் பொய் இரக்கத்தில் வந்தது. அந்தப் பொய்யை நம்பித்தான் ஒருவன் ராத்திரி ராத்திரி தண்ணீருக்குள் விழுந்தான்.

கே: ஏஞ்சியர் செய்ததிலேயே மோசமானது எது? – செவிலியர், சங்கரன்கோவில்

ப: பலர் தொட்டியைச் சொல்வார்கள். நான் ஒரு காகிதத்தைச் சொல்வேன். சிறையில் போர்டன் தன் வித்தையின் ரகசியத்தை எழுதி நீட்டுகிறான், மகள் ஜெஸ்ஸைக் கொடுத்துவிடு என்கிறான். எந்த ரகசியத்துக்காக மனைவியை மறந்து, கடல் தாண்டி, கைக்காசு கரைத்தானோ, அதைப் படிக்காமலே கிழித்துப் போடுகிறான் பிரபு கால்ட்லோ என்ற பெயரில் வந்த ஏஞ்சியர். அப்படியானால் தேடியது ரகசியத்தை அல்ல. எதிரி அழுவதைப் பார்க்கத் தேடியிருக்கிறான்.

கே: இரண்டு பேரின் டைரியையும் நம்பலாமா? – நூலகர், ராஜபாளையம்

ப: இரண்டும் எதிராளி படிப்பதற்கென்றே எழுதிய டைரி. போர்டனுடையதற்குத் திறவுச்சொல் 'டெஸ்லா', ஏஞ்சியரைத் திசைதிருப்பக் கொடுத்தது. விளைவு, திசைதிரும்பிப் போனவனுக்கு அங்கே நிஜ இயந்திரமே கிடைத்துவிட்டது. பொய்யாகக் காட்டிய வழியில் புதையல் இருந்தால் காட்டியவன் கதி என்ன? கழுத்தில் கயிறு.

கே: படம் ஒரு நாவலிலிருந்து எடுத்ததாமே? – வாசகி, கோயம்புத்தூர்

ப: கிறிஸ்டோபர் பிரீஸ்ட் 1995-இல் எழுதியது. அதில் தூக்குமேடையே கிடையாது. பகை தொடங்குவது தண்ணீர்த் தொட்டியில் அல்ல. ஏஞ்சியர் நடத்தும் ஆவி அழைப்புக் கூட்டத்தைப் போர்டன் போலி என்று கலைப்பதில். தூக்கையும் தொட்டியையும் சேர்த்தது நோலன் சகோதரர்கள். ஆமாம், கிறிஸ்டோபரும் ஜோனதனும் சேர்ந்து எழுதிய திரைக்கதை. சகோதரர் இருவர் ஒரு பெயரில் தொழில் செய்யும் கதையை வேறு யார் எழுதுவது?

கே: அதே வருஷம் 'தி இல்யூஷனிஸ்ட்' என்று இன்னொரு வித்தைக்காரர் படம் வந்ததே? – சினிமா பித்தர், மதுரை

ப: வந்தது. இரண்டு மாத இடைவெளியில் இரண்டு படம், நிஜப் போட்டி. அது காதலர்களைச் சேர்த்துவைக்கும். இது நம் தூக்கத்தைப் பிரித்துவைக்கும்.

கே: நம் 'மெர்சல்'? – விஜய் ரசிகர் மன்றம், சங்கரன்கோவில்

ப: 2017 தீபாவளி. மேடையில் மந்திரவாதி வெற்றி, ஆஸ்பத்திரியில் டாக்டர் மாறன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். வெற்றி மேடையிலேயே கொலை செய்தாலும் அரங்கு விசில் அடிக்கிறது, ஏனென்றால் செத்தவர்கள் பாவிகள் என்று முன்பே காட்டியாயிற்று. 'பிரஸ்டீஜ்' செத்தவர்கள் பட்டியலில் ஜூலியா, சாரா, ஒரு குருவி. விசில் அடிக்க வாய் வருமா?

கே: கயிற்றை எறிந்து வானத்தில் ஏறும் வித்தை நம் நாட்டுடையதுதானே? பெருமைப்படலாமா? – தேசபக்தர், விருதுநகர்

ப: இன்றைக்கு உலகம் பேசும் வடிவம் 1890 ஆகஸ்டில் சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகையில் வந்த கட்டுரையிலிருந்து பரவியது. நான்கு மாதம் கழித்து, அது கட்டுக்கதை என்று பத்திரிகையே ஒப்புக்கொண்டது. கேட்டவர் யார்? எழுதிய ஜான் வில்கி பிற்பாடு அமெரிக்க ரகசியப் பாதுகாப்புத் துறைக்கே தலைவரானார். பெருமைப்பட வேறு ஆள் தருகிறேன்: 1830 வாக்கில் மதராசில் சேஷால் என்பவர் ஒரு தடியின்மேல் கையை ஊன்றி அந்தரத்தில் உட்கார்ந்து காட்டி வெள்ளைக்காரர்களை வாய்பிளக்க வைத்தார். உடைக்குள் இரும்புச் சட்டம் என்பது பிற்பாடு சொன்ன விளக்கம். கூட்டம் பார்த்தது ஆளை மட்டும்தான்.

கே: ஆளைக் கொல்லாமல் பார்வையாளனை நடுங்க வைக்க முடியாதா? – நாடக நடிகர், மதுரை

ப: பி.சி. சர்க்கார் முடித்துக் காட்டினாரே. 1956 ஏப்ரல், லண்டன், பிபிசி தொலைக்காட்சி. சுழலும் ரம்பத்தால் ஒரு பெண்ணை அறுத்தார். எழுப்பிப் பார்த்தார், அவள் அசையவில்லை. முகத்தை மூடினார். நிகழ்ச்சியை அப்படியே முடித்துவிட்டார்கள். போன் மணி அடித்து அடித்து ஓயவில்லை. பெண் நலம், சர்க்காருக்குத் தொடர்ந்து அரங்கு நிறைந்த ஆட்டம். ஏஞ்சியர் இவரிடம் ஒரு மாதம் பாடம் கேட்டிருக்கலாம்.

கே: எங்கள் சின்ன வயதில் சந்தைக்கு வரும் மோடி மஸ்தான் நினைவிருக்கிறதா அண்ணாச்சி? – பலசரக்குக் கடைக்காரர், புளியங்குடி

ப: மறக்குமா! ஒரு பக்கம் பாம்புக் கூடை, ஒரு பக்கம் முளைக்குச்சியில் கட்டிய கீரி. இப்போது சண்டை விடப்போகிறேன் என்று உடுக்கையைத் தட்டுவார். நடுவில் போகிறவன் ரத்தம் கக்குவான் என்பார், ஒருத்தன் அசையமாட்டான். தாயத்து விற்றுத் தீரும்வரை கீரி உறுமிக்கொண்டே இருக்கும், பாம்பு கூடையை விட்டு வெளியே வராது. ஒரு தடவைகூட அந்தச் சண்டை நடந்ததில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை. பகையைக் காட்டியே பிழைத்தார். ஒரு நாளும் அதை அவிழ்த்து விடவில்லை.

கே: கடைசியில் ஜெஸ் அப்பாவோடு சேர்ந்துவிட்டாள். சுபம்தானே? – பாட்டி, கரிவலம்வந்தநல்லூர் (முன்சொன்ன அதே பாட்டி)

ப: வாங்க ஆச்சி, உங்களுக்காகத்தான் காத்திருந்தேன். பிள்ளை வளர்ந்து ஒரு நாள் கேட்பாள்: "அம்மாவிடம் உன்மேல் பிரியம் இல்லை என்று சித்தப்பா சொல்லி அழவைத்தபோது, நீ எங்கேப்பா இருந்தாய்?" அவன் உண்மையைச் சொன்னால் பதில் இது: "பக்கத்திலேயே, தாடி ஒட்டிக்கொண்டு."

கே: இவ்வளவும் தெரிந்த பிறகு படத்தை மறுபடி பார்க்க என்ன இருக்கிறது? – பிளஸ் டூ மாணவன், புளியங்குடி (பரீட்சை முடிந்ததாம்)

ப: ஃபாலன் இருக்கிறார் தம்பி. தொப்பியும் தாடியுமாக ஓரத்தில் நிற்கும் அந்த வேலைக்காரரை முதல் தடவை ஒருத்தரும் கண்டுகொள்வதில்லை. இரண்டாம் தடவை வேறு யாரையும் பார்க்காதே, அவர் கண்ணை மட்டும் பார். சாரா வரும் காட்சிகளில் அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று குறித்து எனக்கு எழுது. சரியாக எழுதினால் இந்தப் பக்கத்திலேயே அச்சாகும்.